பெட்ரூமில் ஏசி இருக்கிறது, ராத்திரியில் நான் இல்லை: இந்த வேலை இதற்குத் தகுமா?

காவேரிப்பட்டணத்தான்:

ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாக இருக்கிறேன். காஸ்டிங் செக்கிங், அதாவது உருக்கி அச்சில் வார்த்த பீஸைச் சோதிக்கும் வேலை. விளக்குக்கு அடியில் அலுமினிய பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். புளோ ஹோல் (காற்று அடைத்த ஓட்டை) இருந்தால் சிவப்பு ட்ரே, இல்லாவிட்டால் பச்சை ட்ரே. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கை மாறும். அந்த பீஸ் எந்த வண்டியில், எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "அது உனக்கு எதுக்குப்பா" என்றார்கள்.

முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ். குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார்கள். ஓடி, அதாவது ஓவர்டைம், பார்த்தால் வீடு திரும்ப ராத்திரி எட்டு. மூன்றாவது ஷிஃப்ட் வாரத்தில் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் நான் படுக்கப் போகிறேன்.

கஷ்டம் என்று புலம்ப வரவில்லை. ஓடியோடு 27,000 கைக்கு வருகிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக், போன வருடம் ஏசி. தவணை மட்டும் மாதம் 9,400. போன ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்து யோசித்தேன். ஏசி வாங்கியதே நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் வெக்கையில் தூங்க முடியாததால்தான். வாஷிங் மெஷினில் அதிகம் சுற்றுவது என் யூனிஃபார்ம். பைக் பஸ் ஸ்டாப்புக்குப் போக. அப்படியென்றால் இந்த வேலைக்குப் போவதற்காகவே இந்த வேலையில் சம்பாதிக்கிறேனா?

அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது, பெங்களூரா ரகம். அப்போது எங்கள் வீட்டில் இதெல்லாம் எதுவும் கிடையாது. ஆனால் மத்தியானம் களி தின்றுவிட்டு மரத்தடியில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் தூங்குவார். அந்தத் தூக்கத்தைத்தான் நான் தவணையில் வாங்கியிருக்கிறேன் போல. இந்த வசதிக்கு இந்த உழைப்பு தகுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மாங்கொட்டை:

அண்ணா, தோப்புப் பக்கம் திரும்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம். எங்களுடையது போச்சம்பள்ளிப் பக்கம். 2025 சீசனில் பெங்களூராவை கிலோ நாலு ரூபாய், அஞ்சு ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் காணாது. சிலர் பறிக்காமல் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். மரத்தடித் தூக்கம் நன்றாகத்தான் இருக்கும், கடன்காரன் வராத வரைக்கும்.

பாலக்கோட்டு மருமகள்:

நான் பிறந்தது பென்னாகரம் பக்கம். சின்ன வயதில் போர் தண்ணீர்தான் குடித்தோம், அதில் ஃப்ளோரைடு. சிரித்தால் என் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். கல்யாண போட்டோவில் நான் வாயே திறக்கவில்லை. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. என் மகள் பல் வெள்ளையாக இருக்கிறது. அதனால் வசதி என்றால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். குழாய்த் தண்ணீர், கேஸ் அடுப்பு, மிக்ஸி இவையெல்லாம் எங்கள் இடுப்பையும் கையையும் காப்பாற்றியவை. உங்கள் ஏசி வேறு கதை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மெஷின் வருவதற்கு முன்னால் அந்த எண்ணெய்க் கறை யூனிஃபார்மை யார் துவைத்தார்கள்? தகுமா தகாதா என்று வீட்டில் அவரிடம் கேட்டீர்களா?

பழைய ஃபிட்டர்:

தம்பி, நான் ஓசூர் சிப்காட்டில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்போம். வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். ஆனால் கேட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் அந்த மணிக்கணக்கு ஆரம்பிக்கும். நீ பஸ்ஸில் போகவர உட்காரும் நேரத்தை எந்த ரிஜிஸ்டரும் எழுதாது. முதலில் அதைக் கூட்டிப் பார்.

கெயின்ஸ் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1930ல், நூறு வருடம் போனால் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்று எழுதினார். யூனியன் வகுப்பில் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நேரத்தை யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

வேலை மனசுக்குப் பிடிக்கவில்லை என்கிறாயே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு லேத் சத்தம் பிடித்திருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

காவேரிப்பட்டணத்தான்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் சுருக்கென்றது. வீட்டில் கேட்டேன். "மெஷினை விற்றால் நீயே வந்து துவை" என்றாள். ஏசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சாப்பாடு போடும்போது, "நீ ஓடி பார்க்காத நாளில்தான் பாப்பா உன்கிட்ட ஹோம்வொர்க் கொண்டு வருது, கவனிச்சியா?" என்றாள். நான் கவனிக்கவில்லை.

ஐயா சொன்ன மாதிரி பஸ் நேரத்தைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

வேலையை விடப் போவதில்லை, விட முடியாது. ஏசி தவணை மார்ச்சில் முடிகிறது. அதற்கு 2,300. வேறு எதுவும் வாங்காமல் இருந்தால் மாதத்துக்கு ஏழெட்டு ஓடியைத் தைரியமாக விடலாம். மார்ச் வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று இந்த வாரமே ஓடி பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?"