நான்கரை வயது முயல் திடீரென்று உறுமுகிறது, கடிக்க வருகிறது – உதவுங்கள்

மழைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். மனம் சரியில்லாமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஆண் முயல் மிளகுக்கு நான்கரை வயது. ஒரு வயதிலேயே விதைநீக்கம் செய்தாகிவிட்டது. இதுவரை யாரையும் ஒரு கீறல்கூடக் கீறியதில்லை. நான் தரையில் உட்கார்ந்தால் ஓடி வந்து முழங்காலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, நெற்றியைத் தடவச் சொல்லி முட்டும்.

ஐந்தாறு நாட்களாக எல்லாம் மாறிவிட்டது. கூண்டுக்குள் கைவிட்டால் உறுமுகிறது, முன்காலால் அறைகிறது. நேற்று என் மகள் அதன் கன்னத்தைத் தடவப் போனபோது விரலைக் கடித்துவிட்டது. இரத்தம் வரவில்லை. ஆனால் "மிளகுக்கு என்னைப் பிடிக்கவில்லையா அம்மா?" என்று அவள் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் கூண்டை ஜன்னலருகிலிருந்து அறையின் மறுபக்கம் மாற்றினோம். அந்தக் கோபமா? எப்படிச் சமாதானப்படுத்துவது?

புல்வெளி:

கூண்டை மாற்றியதுதான் காரணமாக இருக்கும் சகோதரி. தன் இடம் என்று நினைப்பதில் முயலுக்குப் பிடிவாதம் அதிகம். கூண்டு திறந்திருக்கட்டும், அதுவாக வெளியே வரும்வரை உள்ளே கையை விடாதீர்கள். இன்னொன்று, முயலுக்கு இரு பக்கமும் பின்னாலும் நன்றாகத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் மட்டும் தெரியாது. அங்கே கையை நீட்டினால் பயந்து கடிக்கும். பக்கவாட்டிலிருந்து கண்ணில் படும்படி கொண்டுவந்து நெற்றியில் வையுங்கள்.

நீள்செவி:

கை நீட்டும் முறை பற்றிப் புல்வெளி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் காரணம் அதுதான் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூண்டு மாறியது இரண்டு வாரத்துக்கு முன், குணம் மாறியது ஐந்தாறு நாட்களுக்கு முன். கணக்கு உதைக்கிறது.

பதினோரு வருடமாக முயல்களோடு இருக்கிறேன். சாதுவான, வயது வந்த, விதைநீக்கம் செய்த முயல் திடீரென்று சீறினால் நான் முதலில் சந்தேகப்படுவது வலியைத்தான். முயல் வேட்டையாடப்படும் பிராணி. காட்டில் வலியைக் காட்டிக்கொடுத்த முயல் உயிரோடு இருந்திருக்காது. அதனால் நாயைப் போல முனகாது, நொண்டிக் காட்டாது. ஒதுங்கும்; தொட வந்தால் விரட்டும். அவ்வளவுதான் அதனால் சொல்ல முடிந்தது.

எனவே இப்போதே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். புழுக்கை வழக்கமான அளவில், வழக்கமான எண்ணிக்கையில் இருக்கிறதா, சிறுத்துவிட்டதா? எதைச் சாப்பிடுகிறது, எதை விடுகிறது? தாடை ஈரமாக இருக்கிறதா? முன்கால்களின் உள்பக்க முடி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? உட்கார்ந்திருக்கும்போது பல் நறநறவென்று கேட்கிறதா? (தடவும்போது மெதுவாக வரும் பல்லொலி சந்தோஷத்துக்கானது. தனியாகக் கூனிக்கொண்டு பலமாகக் கடிப்பது வேறு.)

பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அது அவசர நிலை. இரவானாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வாயு சேர்ந்து வலி கூடும், வலி கூடினால் இன்னும் சாப்பிடாது. ஒரே நாளில் கைமீறிவிடும்.

மழைத்துளி:

பார்த்துவிட்டு வந்தேன். கை நடுங்குகிறது.

புழுக்கை இருக்கிறது, ஆனால் குறுமிளகு அளவுக்குச் சிறியது, பாதிகூட இல்லை. தட்டில் குருணைத் தீவனம் அப்படியே இருக்கிறது. உலர்புல் தொடவே இல்லை. கீரை வைத்ததும் உடனே வந்தது. ஓர் இலையை வாயில் எடுத்தது, இரண்டு முறை மென்றது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது, இலையைக் கீழே விட்டது. மீண்டும் அதே இலையை எடுத்தது, மீண்டும் விட்டது. பசி இருக்கிறது, முடியவில்லை. இத்தனை நாளும் "பிடிக்கவில்லை போல" என்று நினைத்து இலையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

தாடைக்குக் கீழே ஈரம். முன்கால் முடி திரிதிரியாக ஒட்டியிருக்கிறது.

நீள்செவி:

கடைவாய்ப் பல்லாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் அம்மா. முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. உலர்புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரத்தில் முள் போல ஒரு கூர் வளரும். மேல்பல்லின் கூர் கன்னத்தைக் கிழிக்கும், கீழ்ப்பல்லின் கூர் நாக்கை அறுக்கும். உங்கள் மகள் தொட்டது கன்னத்தை. அது அவளைக் கடிக்கவில்லை, அந்த வலியைத் தள்ளிவிட்டது. இதை அவளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

காலை முதல் வேலையாக முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் போங்கள். முன்பற்கள் நன்றாக இருந்தால் போதாது. கடைவாயைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேருக்கு எக்ஸ்ரே தேவைப்படலாம். மயக்க மருந்து கொடுப்பதானால் நாய்க்குச் செய்வது போலப் பட்டினி போட வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் ஆபத்து. வீட்டில் இருக்கும் மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக, மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறந்தே போகலாம்.

வெண்மேகம்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் பெண் முயலுக்கு ஏழு மாதம். அதுவும் நேற்றிலிருந்து சீறுகிறது. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது. நெஞ்சு முடியைப் பிடுங்கி, வாய் நிறையப் புல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில் திணிக்கிறது. இதுவும் பல்லா?

புல்வெளி:

இல்லை, இது கூடு கட்டுதல். ஆண் முயலோடு சேர வழியே இல்லை என்றால் பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே சினையான முயல் போல நடந்துகொள்வது. இரண்டரை வாரத்துக்குள் தானாக அடங்கும். கூட்டைக் கலைக்காதீர்கள், கலைத்தால் மீதி முடியையும் பிடுங்கும். சேர்ந்திருக்கச் சிறிதளவு வாய்ப்பு இருந்தாலும் உண்மையான சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்ததிலிருந்து குட்டி போட 31 நாள் கணக்கு. இது அடங்கியதும் கருப்பை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். குணத்துக்காக மட்டும் இல்லை. செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம்.

மழைத்துளி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் பார்த்த மருத்துவர் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு "பல் நன்றாக இருக்கிறது" என்றார். நீள்செவி சொல்லியிருக்காவிட்டால் திரும்பி வந்திருப்பேன். கடைவாயைப் பார்க்கச் சொன்னேன். கருவி இல்லை என்று வேறொருவரிடம் அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்துப் பார்த்ததில், இடப்பக்க மேல்பல்லின் கூர் கன்னத்துக்குள் குழி பறித்திருந்தது. கீழ்ப்பல்லின் கூர் நாக்கோரத்தை வெட்டியிருந்தது. வேரில் பழுதில்லை. இரண்டையும் தேய்த்துச் சரிசெய்து, வலி மருந்தும் குழைத்து ஊட்டும் தீவனமும் கொடுத்தார்கள்.

முதல் இரவு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். விடியற்காலையில் கூண்டுப் பக்கம் சத்தம் கேட்டது. விளக்கைப் போடாமல் போய் நின்றேன். ஒரே ஒரு புல் தண்டு, வாயோரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கரக் கரக் என்று அந்தச் சத்தம் முடியும்வரை நகரவில்லை.

இன்று புழுக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது. கன்னத்தைத் தொட இன்னும் விடவில்லை, நெற்றி மட்டும்தான். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறாள், தொடுவதில்லை. இது மீண்டும் வருமா?

நீள்செவி:

படித்ததும் நிம்மதியாக இருந்தது. மீண்டும் வரலாம், ஒருமுறை கூர் வளர்ந்த முயலுக்குப் பெரும்பாலும் திரும்ப வளரும். எத்தனை மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவரிடமே கேட்டு வையுங்கள். குருணையைக் குறைத்து, உலர்புல் எப்போதும் தீராமல் வையுங்கள். வாரம் ஒரு நாள் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். உறுமல் தொடங்கும் முன்பே எடை இறங்கத் தொடங்கியிருக்கும்.

மழைத்துளி:

நன்றி ஐயா. தராசும் நோட்டும் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். முதல் எடையை மகள் எழுதினாள்: 1 கிலோ 840 கிராம்.