பிக்கப்பில் ஃபோர் வீல் டிரைவ் மாற்றும் மோட்டாரைக் கழற்றிவிட்டு கை லிவர் போட்டவர்கள் யாராவது உண்டா?

கடலூர் தாழங்குடா மணலில் படகு எஞ்சினும் வலையும் ஏற்றிப் போய்வர ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன். 2013 டீசல், டபுள் கேபின், 2எச் (பின் சக்கரம் மட்டும்), 4எச் (நாலு சக்கரமும்), 4எல் (நாலு சக்கரமும், மெதுவாக அதிக இழுவையோடு) என்று டேஷ்போர்டில் திருகுகிற குமிழ். மூன்று வாரமாக 4எச்சுக்குத் திருகினால் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, முன் சக்கரம் இழுப்பதில்லை. நியூட்ரலில் நிறுத்தி 4எல் முயன்றாலும் அதே கதை. போன ஞாயிறு ஈர மணலில் அச்சு வரை இறங்கிவிட்டது, டிராக்டர் வைத்துத்தான் இழுத்தோம்.

ஃபியூஸ், ரிலே பார்த்தாச்சு. பேட்டரி புதுசு. டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இருக்கும், குமிழைத் திருகினால் கியரை மாற்றுகிற ஷிஃப்ட் மோட்டாரைக் கழற்றினால் சாக்கெட் பின்னெல்லாம் உப்புப் பூத்துப் பச்சை பிடித்திருந்தது. சுத்தம் செய்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன், நன்றாகவே சுற்றுகிறது. அப்புறம் அந்த மோட்டார் திருப்பும் ஷாஃப்டை ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பினேன், கியர் டக்கென்று விழுந்தது, முன் சக்கரமும் இழுத்தது. ஆக உள்ளே கியர் நல்லாத்தான் இருக்கு, மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார்தான் போயிருக்கும் என்று என் சந்தேகம்.

புதுச்சேரி மெக்கானிக் மோட்டாரை மொத்தமாக மாற்றச் சொல்கிறார். சரி, இந்த உப்புக் காற்றில் அதுவும் எத்தனை நாள்? அப்பாவின் பழைய ஜீப்பில் குட்டி லிவர்தான், விழுந்தது கைக்கே தெரியும்.

இதே டிரான்ஸ்ஃபர் கேஸில் மோட்டாருக்குப் பதில் லிவர் இணைத்தவர்கள், ஓடும்போது ஷாஃப்ட் நழுவாமல் எப்படி நிறுத்தினீர்கள்?