ஓடியாடும் 3 வயசுப் பையனுக்கு எந்த ரூம்?

அடுத்த மாசம் ரிசார்ட்டுக்குப் போறோம், ரூம்தான் முடிவாகல. பையன் மதியம் 1 முதல் 3 வரை தூங்குவான். அந்த நேரத்துல லைட்டும் போட முடியாது, பேசவும் முடியாது. மத்த நேரமெல்லாம் ஓட்டம்தான்.

250 சதுர அடி ஸ்டாண்டர்ட் ரூம் சரிப்படாது. பாத்ரூமும் அந்த அளவுக்குள்ளயே வருது. எக்ஸ்ட்ரா பெட் போட்டா நடக்கவே வழியில்லை. உள்கதவு உள்ள ரெண்டு ரூம் கேட்டுப் பார்த்தேன், செக்-இன் அன்னிக்குத்தான் உறுதி சொல்வாங்களாம். மீதி ரெண்டு: 420 அடி ஃபேமிலி ரூம், தாராளமா இருக்கு, ஆனா தடுப்பே கிடையாது. சூட் 380 அடி. படுக்கையறைக்குத் திரை இல்ல, நிஜக் கதவே இருக்கு, போட்டோ வாங்கிப் பார்த்துட்டேன். ஆனா ஹால்ல சோபா பெட்டை விரிச்சா டீப்பாயை ஓரங்கட்டணும், ஓட இடம் போச்சு.

இந்த வயசுக் குழந்தையோட தங்கினவங்க சொல்லுங்க: இடமா, கதவா?