எத்தனை தடவை எழுந்தாய்?

வியாழன்

பெரியக்கா, இரவு 9:47
[படம்]
இது என்ன என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

அண்ணன், 9:49
ஜெயில் சுவரில் நாள் எண்ணிக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது.

பெரியக்கா, 9:52
கிட்டத்தட்ட அதேதான். ஃப்ரிட்ஜ் கதவில் என் பையன் போட்ட கோடுகள். ராத்திரிச் சாப்பாட்டில் நான் எத்தனை தடவை எழுந்தேன் என்று எண்ணியிருக்கிறான். 11.

நான், 9:53
பதினொன்றா!

பெரியக்கா, 9:58
தண்ணீர், உப்பு, சின்னவள் கீழே போட்ட ஸ்பூன், அடுப்பில் ஒரு ஆம்லெட், அப்புறம் இன்னொரு ஆம்லெட், சிந்தியதைத் துடைக்கத் துணி... மீதி ஞாபகம் இல்லை. நான் ஒருவழியாக உட்கார்ந்தபோது எல்லோரும் கை கழுவியாகிவிட்டது. அவன் விளையாட்டுக்குத்தான் எண்ணினான். "அம்மா ஃபர்ஸ்ட், அப்பா ஜீரோ" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அம்மா, 10:03
பிள்ளைகள் சூடாகச் சாப்பிடட்டும் என்றுதானே எழுந்திருக்கிறோம். இதற்கெல்லாமா கணக்கு வைப்பார்கள்.

அண்ணன், 10:04
அதானே.

அண்ணி, 10:04
அதானேவா? நாளைக்கு நம் வீட்டில் நீங்களே எண்ணுங்கள்.

அண்ணன், 10:05
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான், 10:06
அண்ணா, என்ன எழுதி அழித்தாய்?

அண்ணி, 10:06
நான் படித்துவிட்டேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளி

அண்ணன், இரவு 9:15
9.

அண்ணன், 9:15
அதில் மூன்று எனக்காக.

அண்ணி, 9:16
நான்கு. எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டீர்கள்.

சித்தி, 9:31
இருபது வருடம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நின்றவள் சொல்கிறேன், கேளுங்கள். எழுந்திருக்கிற வேலை மேசையில் ஆரம்பிப்பதில்லை. என்ன சமைக்கலாம் என்று முடிவு செய்யும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஆம்லெட் மாதிரி ஒவ்வொன்றாகச் சுட்டுப் போடுகிற எதுவானாலும், சுடுகிற ஆள் உட்கார முடியாது. அதையெல்லாம் அடுப்படியில் நிற்க இன்னொரு ஆள் இருக்கிற நாளில் வைத்துக்கொள். வேலை நாளில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே குக்கரில். உள்ளே சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில் போகும், சீக்கிரம் வெந்துவிடும். அதைவிட முக்கியம், கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். ஆவி அடங்கியதும் அந்தப் பாத்திரத்தையே மேசைக்குக் கொண்டுவந்துவிடு. தண்ணீர், உப்பு, கரண்டி, கூடுதலாக ஒரு ஸ்பூன், துணி, இதெல்லாம் ஒரு ட்ரேயில் முதலிலேயே வந்துவிட வேண்டும்.

பெரியக்கா, 9:33
கூடுதல் ஸ்பூன்! சித்தி, அது மட்டுமே எனக்கு இரண்டு கோடு மிச்சம்.

அண்ணி, 9:36
சித்தி, என்னிடம் ஸ்லோ குக்கர் இருக்கிறது. காலையில் சிவப்பு ராஜ்மாவைப் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் ராத்திரிக்கு வெந்திருக்கும் இல்லையா?

சித்தி, 9:37
நில்லு நில்லு. அதை அப்படியே போடாதே.

சித்தி, 9:42
வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். ஸ்லோ குக்கரில் அந்த அளவுக்குச் சூடு ஏறாமல் போகலாம். 80 டிகிரியில் அரைவேக்காடாக நின்றால் பச்சையாக இருந்ததைவிட நச்சு கூடவும் செய்யும். நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் வாந்தி வயிற்றுப்போக்கு என்று படுக்க வைத்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவை, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடு. அப்புறம் ஸ்லோ குக்கர். சாதாரணக் குக்கரில் முழுதாக வேக வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

அண்ணன், 9:43
என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தாயா?

அண்ணி, 9:43
இல்லை. ஆனால் அந்த எலுமிச்சம்பழத்துக்கு எழுந்தபோது லேசாக யோசித்தேன்.

அம்மா, 9:50
[குரல் செய்தி 3:08]

நான், 9:51
அம்மா, குழந்தை இப்போதுதான் தூங்கினாள். எழுதி அனுப்பேன்.

அம்மா, 9:58
ஒரேயடியாக நிறையச் சமைத்தால் மீந்துபோகும், மீந்தது கெட்டுப்போகும் என்றேன். அவ்வளவுதான்.

நான், 9:58
அதற்கு மூன்று நிமிடமா?

சித்தி, 10:04
அக்கா சொல்வது சரிதான், ஆனால் கெடுவது நம்மால்தான். "ஆறட்டும்" என்று ராத்திரி முழுக்க மேடையில் வைக்கிறோமே, அங்கேதான் தப்பு. சமைத்தது எதுவும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். அகலமான பாத்திரத்தில் மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறும், உடனே ஃப்ரிட்ஜ். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அதில் இருக்கிற ஒரு கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. வெளியில் கிடந்தால் முளைத்து நச்சு விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவைதான்.

அம்மா, 10:06
நான் இத்தனை வருடம் மேடையில்தான் வைத்தேன்.

சித்தி, 10:07
தெரியும். அந்த வீட்டில்தானே நானும் வயிற்றுவலியோடு வளர்ந்தேன்.

சனி

பெரியக்கா, மதியம் 2:20
இன்றைக்குப் பிள்ளைகளை அடுப்படிக்குள் விட்டேன். உண்மையைச் சொன்னால் வேலை குறையவில்லை, இரண்டு மடங்கானது. அரை மணி நேரச் சமையல் ஒன்றே கால் மணி நேரம். நாலு வயசுக்காரி கேரட் கழுவினாள், தரையும் கழுவப்பட்டது. ஒன்பது வயசுக்காரன் உருளைக்கிழங்குத் தோல் சீவினான், கிழங்கு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. வெட்டும்போது விரல் நுனியை உள்பக்கம் மடக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், வெந்த கிழங்கில் மட்டும். பச்சைக் கிழங்கும் பெரிய கத்தியும் இன்னும் என் கையில்தான்.

பெரியக்கா, 2:24
ஆனால் ஒன்று. கேரட்டைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறவள், தான் கழுவிய துண்டை எடுத்து ஒரு தடவை நக்கினாள். நக்கிவிட்டு, திரும்பப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

நான், 2:26
அக்கா, நக்கியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்! புது உணவைப் பிள்ளைகள் ஏற்க எட்டுப் பத்துத் தடவை, சிலருக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். நாமோ மூன்றாவது தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

அம்மா, 2:29
கொஞ்சம் தேன் தடவிக் கொடு, தானாகச் சாப்பிடுவாள். கைக்குழந்தைக்கும் ஒரு சொட்டு நாக்கில் வை.

நான், 2:30
அக்கா மகளுக்குச் சரி. என் குழந்தைக்கு வேண்டாம் அம்மா, பத்து மாதம்தானே. ஒரு வயசு முடிகிற வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

அம்மா, 2:31
சரி சரி.

நான், 2:38
எல்லின் சாட்டர் என்று ஓர் அமெரிக்க உணவியல் நிபுணர் இருக்கிறார். அவர் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பாடு. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா?

பெரியக்கா, 2:44
இரு. "இன்னும் ஒரு வாய்" என்று தட்டோடு சின்னவள் பின்னால் ஓடியது வியாழக்கிழமை மட்டும் மூன்று தடவை. அப்படியானால் அந்த மூன்று கோடு என் கணக்கே இல்லை, அவள் கணக்கு.

அண்ணி, 2:46
அத்தை, நீங்கள் எத்தனை?

அம்மா, 2:58
இங்கே இரண்டே பேர். என்ன பெரிய கணக்கு.

அண்ணி, 2:59
எண்ணிப் பாருங்களேன்.

ஞாயிறு

பெரியக்கா, இரவு 8:40
4. அதில் ஒன்று யாரோ போன் செய்ததால்.

அண்ணன், 8:44
அண்ணி 2, நான் 6. தயவுசெய்து எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான், 8:45
அண்ணா, உன் மனைவியையே அண்ணி என்கிறாய். ஆறு தடவை எழுந்ததில் மூளை கலங்கிவிட்டதா?

அண்ணி, 8:46
அதில் இரண்டு தடவை ட்ரே எங்கே இருக்கிறது என்று தேடியது.

அப்பா, 8:51
உப்பு எங்கே இருக்கிறது

நான், 8:51
அப்பா?! நீங்களா எழுதுகிறீர்கள்?

அப்பா, 8:53
உன் அம்மா எழுந்திருக்க மாட்டாளாம். இடத்தையும் சொல்ல மாட்டாளாம்.

பெரியக்கா, 8:54
அம்மா??

அப்பா, 8:56
கிடைத்துவிட்டது.

அப்பா, 8:58
அது சர்க்கரை.

அம்மா, 8:59
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முடித்துவிட்டுச் சொல்கிறேன்.