பழைய எக்ஸ்230-ல் கோர்பூட்: எதுவரை நம்பலாம்?

பாம்பன்_வலை:
விசைப்படகு சங்க ஆபீசுக்கு ரெண்டு பழைய திங்க்பேட் எக்ஸ்230 வந்திருக்கு. உறுப்பினர் ஆதார் நகல், டீசல் மானியக் கணக்கு எல்லாம் இதுலதான் ஏறப்போகுது. யார் யார் கை மாறி வந்ததுன்னு தெரியாததால, உள்ள இருக்கிற பயாஸுக்குப் பதிலா கோர்பூட் (மெஷினை எழுப்புற திறந்த மூல ஃபர்ம்வேர்) போடணும். கருப்பு சிஎச்341ஏ-ல (கிளிப் மாட்டி பயாஸ் சிப்பைப் படிக்க, எழுத உதவுற யுஎஸ்பி போர்டு) படிச்சா ஒவ்வொரு தடவையும் ஷா256 (ஃபைலோட கைரேகை மாதிரி எண்) மாறுது. ஏன்? கோர்பூட் போட்ட பிறகும் மூடிய கோடு (சோர்ஸ் வெளியிடாதது) எதெல்லாம் மிஞ்சும்?

உப்புக்காத்து:
ரெண்டு தடவை படிச்சு ஒத்துப்போகாம எதையும் எழுதிடாதீங்க அண்ணே. நம்ம கடலோரத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது சிப் கால்களை. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா கிளிப் சரியா கவ்வாது. பழைய டூத்பிரஷ்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்ச்சு, நல்லா காயவிட்டுக் கவ்வுங்க. சார்ஜர், பேட்டரி, காயின் செல் மூணையும் கழட்டிடணும்.

அந்தக் கருப்பு போர்டு சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா லைன்ல 5 வோல்ட் விடும். மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. ராஸ்பெரி பை இருந்தா அதுவே மேல், அது 3.3 வோல்ட்தான், ஒயர் நீளமா இருந்தா ஃபிளாஷ்ரோம்ல (சிப்பைப் படிக்கிற, எழுதுற மென்பொருள்) எஸ்பிஐ வேகத்தை, அதாவது சிப்போட பேசுற வேகத்தை, 512 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்க.

இன்னொண்ணு: கிளிப் சரியா கவ்வலன்னா சில சமயம் ஃபைல் முழுக்க எஃப்எஃப் (வெற்று மதிப்பு) வரலாம், அப்பவும் ரெண்டு ஷா256-உம் ஒத்துப்போகும்! அதனால, இதுல இருக்கிற ரெண்டு சிப்புல (8 எம்பி, 4 எம்பி) 8 எம்பி சிப்போட ஃபைலை ஐஎஃப்டிடூல்ல (கோர்பூட்டோட வர்ற கருவி) திறந்து, டிஸ்கிரிப்டர் (சிப்புல எது எங்க இருக்குங்கற வரைபடம்) தெரியுதான்னு பார்த்த பிறகுதான் நம்பணும். லேன் மேக் முகவரியும் அந்த சிப்புலதான் இருக்கு. ரெண்டு பென்டிரைவ்ல காப்பி வைங்க.

சேது_சால்டர்:
மூடிய கோடு மிச்சம் நிறையவே. ஐவி பிரிட்ஜ்ல (எக்ஸ்230-ஓட இன்டெல் பிராசஸர் தலைமுறை) ரேம் துவக்குற கோடு கோர்பூட்ல திறந்ததே, அது பெரிய லாபம். ஆனா இன்டெல் எம்இ-யை (சிப்செட்டுக்குள்ள தனியா ஓடுற குட்டிக் கம்ப்யூட்டரோட ஃபர்ம்வேர்) முழுசா அழிக்க முடியாது. அழிச்சா 30 நிமிஷத்துல மெஷின் அணைஞ்சிடும். எம்இ_கிளீனர்ங்கற கருவி அதோட 5 எம்பி-யை நூறு கேபி அளவுக்குச் சுருக்கும், அவ்வளவுதான். சிபியு மைக்ரோகோடு (பிராசஸருக்குள்ளயே ஓடுற கோடு), எஸ்எஸ்டி ஃபர்ம்வேர், எம்பெடட் கன்ட்ரோலர் (கீபோர்டு, பேட்டரியைக் கவனிக்கிற சிப்) எல்லாம் மூடியதே. ஒவ்வொரு கீ அழுத்தமும் அந்தக் கன்ட்ரோலர் வழியாத்தான் போகுதுங்கறதை மறக்கக் கூடாது.

ஐஐடி மெட்ராஸோட சக்தி பிராசஸர் மாதிரி ரிஸ்க்-ஃபைவ் (திறந்த பிராசஸர் கட்டளைத் தரம்) டிசைன் திறந்திருந்தாலும், கைக்கு வந்த சிலிக்கான் அதே டிசைன்தானான்னு பார்க்க நம்மகிட்ட வழி இல்ல. பிரிகர்சர்ங்கற கையடக்கக் கருவி எஃப்பிஜிஏ-ல (உள்சுற்றை நாமே மாத்தி அமைக்கக்கூடிய சிப்) ஓடுறது அதுக்காகத்தான்: பிராசஸரையே சோர்ஸ்ல இருந்து நாமே பில்ட் பண்ணி ஏத்திக்கலாம்.

பாம்பன்_வலை:
தேய்ச்ச பிறகு ஒத்துப்போகுது, டிஸ்கிரிப்டரும் தெரியுது. அடுத்து ஹெட்ஸா (கோர்பூட் மேல ஓடி, ஃபர்ம்வேர்ல யாராவது கை வச்சாங்களான்னு காட்டுறது), வெறும் கோர்பூட்டா?

உப்புக்காத்து:
முதல் மெஷின்ல வெறும் கோர்பூட். 8 எம்பி சிப்பைத் தொடாதீங்க. பில்ட் பண்ணின 12 எம்பி கோர்பூட் ஃபைல்ல கடைசி 4 எம்பி-யை டிடி கமாண்ட்ல வெட்டி (பிஎஸ் 1எம், ஸ்கிப் 8) சின்ன சிப்புல மட்டும் எழுதுங்க. பூட் ஆகலன்னா பழைய 4 எம்பி-யைத் திருப்பி எழுதினாப் போதும்.

கை பழகின பிறகு ரெண்டாவதுல ஹெட்ஸ். ஆபீஸ்ல ராத்திரி ஆள் இல்லாம கிடக்கிற மெஷினுக்கு அதுதான் சரி: ஃபர்ம்வேரை டிபிஎம்-ல (மெஷின்ல இருக்கிற பாதுகாப்புச் சிப்) அளந்து வச்சு, பூட் ஆகும்போது நேரத்தை வச்சு மாறுற 6 இலக்க எண் காட்டும், போன் ஆப்ல வர்ற எண்ணோட ஒத்துப் பாக்கணும். காயின் செல் கழட்டினதால கடிகாரம் போயிருக்கும். யுடிசி நேரம் (உலகப் பொது நேரம்) வைக்காம விட்டா எண் ஒத்துப்போகாது, யாரோ கை வச்சுட்டாங்கன்னு வீணா பதறுவீங்க.