கட்டுச்சோறு வண்டி எந்த வழி?

குழு: தோட்டத்து வீடு

வெள்ளி, மாலை

கமலா சித்தி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை தீபாவுக்குக் கட்டுச்சோறு, மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வகை வகையாகச் சோறு கொண்டு போகும் சீர். இரண்டு வேன் சொல்லியாயிற்று. எட்டரைக்குள் பீளமேட்டில் மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழி, இது இரண்டு மட்டும் சொல்லுங்கள்.

கார்த்தி: சரிங்க சித்தி

பிரபு மச்சான்: 👍

மணி சித்தப்பா: அவிநாசி ரோடுதான். வேறென்ன

செல்வி அத்தை: பல்லடம் வழி வந்தால் சூலூர், சிங்காநல்லூர். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காபி குடித்துவிட்டுப் போகலாம்

மணி சித்தப்பா: அக்கா, அது சுத்து

செல்வி அத்தை: ஆமாம். எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் எப்போதும் சுத்துதான்

ராசு பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். 31 வருடம் இந்த ரோட்டில் டிக்கெட் கிழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். திருப்பூரிலிருந்து கோவைக்கு வழி மூன்று. முதலாவது அனுப்பர்பாளையம், பூண்டி, அவிநாசி, தெக்கலூர், கருமத்தம்பட்டி, கணியூர், நீலாம்பூர், சின்னியம்பாளையம், கோல்ட்வின்ஸ், ஹோப்ஸ், பீளமேடு. இரண்டாவது பல்லடம், காரணம்பேட்டை, சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர். மூன்றாவது மங்கலம், சாமளாபுரம், சோமனூர் போய்க் கருமத்தம்பட்டியில் மெயின் ரோடு ஏறுவது. தூரம் குறைவு என்று பார்த்தால் மூன்றாவதுதான்

பிரபு மச்சான்: மூன்றாவது வேண்டாம் மாமா

கார்த்தி: கொக்கு 😂

தீபா: கொக்கு 😂😂

ராசு பெரியப்பா: உப்புசர்க்கரை (நிச்சயம்) அன்று தாமதமானதற்கு வழி காரணம் அல்ல, டயர் காரணம். பஞ்சரானது சாமளாபுரம் குளத்தோரம். குளம் என்றால் கொக்கு இருக்கும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மணி சித்தப்பா: அண்ணா, பொண்ணு வீட்டுக்காரர்களே பதினொன்றரைக்கு வந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குக் காபி கொடுத்து வரவேற்றார்கள், எங்கள் வீட்டிலேயே

செல்வி அத்தை: சின்னியம்பாளையம் என்று சாதாரணமாக எழுதிவிட்டார். எனக்கு அந்தப் பேரைப் பார்த்தாலே வயிறு எரிகிறது

பிரபு மச்சான்: அம்மா, வேண்டாம்

செல்வி அத்தை: ஒண்ணேகால் ஏக்கர். ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்பாரு இருந்தவரை வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிய மறுவருடம் விற்றாயிற்று

ராசு பெரியப்பா: உன் கல்யாணத்துக்குத்தானே விற்றது, செல்வி

செல்வி அத்தை: என் கல்யாணத்துக்குப் போனது கால்வாசி. மிச்சம் எந்த பனியன் மெஷினாக ஆனதோ, மணியைக் கேளுங்கள்

மணி சித்தப்பா: நான் ரோட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்

கமலா சித்தி: நேரம் யாராவது சொல்கிறீர்களா?

கௌதம் மாப்பிள்ளை: ஆறு மணிக்குக் கிளம்பினால் போதும் அத்தை. ஞாயிறு காலை ரோடு காலியாகத்தான் இருக்கும்.

ராசு பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வது சரி, ஆனால் முழுக்கச் சரி இல்லை. செங்கப்பள்ளியிலிருந்து வரும் ஆறு வழிச் சாலை நீலாம்பூர் வரைக்கும்தான். பழைய 47-ஆம் நம்பர் ரோடு, இப்போது 544 என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நீலாம்பூரில் கேரளா போகும் லாரியெல்லாம் இடப்பக்கம் பைபாஸில் பிரியும். புது டிரைவர்கள் கவனிக்காமல் லாரி பின்னாலேயே போய்விடுவார்கள். போனால் சிந்தாமணிப்புதூர், ஈச்சனாரி, கடைசியில் மதுக்கரை. கட்டுச்சோற்றை வாளையாரில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும்

பிரபு மச்சான்: மேப் போட்டால் போதும் மாமா

ராசு பெரியப்பா: மேப்புக்கு கணியூர் டோல்கேட் வரிசை தெரியுமா?

பிரபு மச்சான்: அதுதான் சிவப்பாகக் காட்டுமே

கமலா சித்தி: டோல்கேட் என்றதும் ஞாபகம் வந்தது. பெரிய நங்கை (நாத்தனார்) வீட்டுக் கட்டுச்சோற்றுக்குப் போனபோது அங்கேதான் டிரைவர் பிரேக் போட்டு, புளிச்சோற்றுப் போசி கவிழ்ந்தது. எண்ணெயும் மஞ்சளும் என் பட்டுப் புடவையில் இன்னும் இருக்கிறது. இந்தத் தடவை ஏழு வகைச் சோறு. பெரிய போசி நாலு, சின்னது மூன்று

தீபா: அம்மா எள்ளுச்சோறு கொஞ்சம் அதிகம் வேணும்

கமலா சித்தி: உனக்குத்தான் கண்ணு எல்லாமே

கார்த்தி: பழைய ஸ்கூட்டர் டயர் நாலு கொண்டு வருகிறேன் சித்தி. வேன் தரையில் படுக்க வைத்து நடுவில் போசியை உட்கார வைத்தால் அசையாது. சமையல்காரர்கள் அப்படித்தான் கொண்டு போகிறார்கள்

கமலா சித்தி: டயரைக் கழுவி எடுத்து வா

செல்வி அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். நான் இந்த விசேஷத்துக்கு அழைக்கப்பட்டிருக்கிறேனா? போன் வரவில்லை, நேரில் யாரும் வரவில்லை. எல்லாருக்கும் வணக்கம் என்றுதான் வந்திருக்கிறது

கமலா சித்தி: நங்கை, புதன்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டேன். நீங்கள்தான் எடுக்கவில்லை

செல்வி அத்தை: ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்திருப்பேன்

கமலா சித்தி: இரண்டு தடவையுமா?

செல்வி அத்தை: சிங்காநல்லூர் சிக்னல் உனக்குத் தெரியாது

*

வெள்ளி, இரவு

ராசு பெரியப்பா: பாலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் முக்கியம். 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலம் கோல்ட்வின்ஸில் ஏறி உப்பிலிபாளையத்தில் இறங்குகிறது. நீளம் 10.1 கிலோமீட்டர். காந்திபுரம், ரயில்வே ஸ்டேஷன் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். நமக்கு அல்ல. நாம் போவது பீளமேடு. பீளமேடு போகிறவன் மேலே ஏறக் கூடாது. கோல்ட்வின்ஸ் வருவதற்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி, கீழ் ரோட்டையே பிடித்து வர வேண்டும். திரும்பச் சொல்கிறேன்: மேலே ஏறக் கூடாது

பிரபு மச்சான்: சரி

கார்த்தி: சரி

மணி சித்தப்பா: நடுவில் இறங்குவதற்கும் வழி விட்டிருக்கிறார்கள் அண்ணா

ராசு பெரியப்பா: இருக்கிறது. பேச்சு சுவாரசியத்தில் அதைத் தவறவிட்டால்? பஸ்ஸில் ஸ்டாப்பைத் தூங்கித் தவறவிட்டவர்களை 31 வருடம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள், "எழுப்பியிருக்கலாமே" என்று

தீபா: பாலத்துக்கு யார் பேர் வைத்திருக்கிறார்கள் பெரியப்பா? (கேட்டது தப்புதான்)

ராசு பெரியப்பா: நல்ல கேள்வி. ஜி.டி. நாயுடு. சூலூர் பக்கம் கலங்கல்காரர். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தவர். சவரம் செய்ய மின்சார ரேசர் செய்தார், இன்னும் என்னென்னவோ. ஒரு பஸ்காரர் பேரைப் பாலத்துக்கு வைத்ததில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி

செல்வி அத்தை: கலங்கல் எங்கள் பக்கம். அவரே பல்லடம் ரோட்டுக்காரர்தான்

மணி சித்தப்பா: 🙏

பிரபு மச்சான்: மெட்ரோ உக்கடத்திலிருந்து நீலாம்பூர் வரைக்கும் வரும் என்றார்களே, வந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை

மணி சித்தப்பா: அந்த ஃபைல் டெல்லி போய்த் திரும்பி வந்தாயிற்று

பிரபு மச்சான்: யாரால் என்று

கமலா சித்தி: அரசியல் வேண்டாம். தீபா இருக்கிறாள்

தீபா: நான் இருந்தால் என்னம்மா?

கமலா சித்தி: குழந்தைக்குக் கேட்கும்

செல்வி அத்தை: வேன் மெயின் ரோடு வரைக்கும்தானே? அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே புண்ணியம். வீட்டைக் கட்டினவருக்குப் பின்னால் கார் என்று ஒன்று வரும் என்ற நினைப்பே இருந்திருக்காது

கார்த்தி: அத்தை

கார்த்தி: மாப்பிள்ளை குழுவில் இருக்கிறார்

*செல்வி அத்தை ஒரு செய்தியை நீக்கினார்*

கௌதம் மாப்பிள்ளை: வேன் வரும்ங்க. ரிவர்ஸில்தான் வர வேண்டும். தாத்தா மாட்டு வண்டிக்கு அளந்து விட்ட சந்து.

செல்வி அத்தை: நல்ல வீடு தம்பி. காற்றோட்டம்

*

சனி

கமலா சித்தி: முடிவு சொல்லுங்கள். டிரைவர் கேட்கிறார்

மணி சித்தப்பா: அவிநாசி ரோடு, ஐந்தே முக்கால்

ராசு பெரியப்பா: ஐந்தரை. அவிநாசியில் கோயில் முன்னால் காய் உடைக்காமல் போக முடியாது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட ஊர். பிள்ளைக்காகப் போகும்போது அந்தச் சாமியைத் தாண்டிப் போகலாமா?

கமலா சித்தி: ஆமாங்க மாமா, அது வேண்டும்

மணி சித்தப்பா: காய் உடைத்தால் கால் மணி. அங்கே உனக்கு ஐந்து பேர் தெரிந்தவர்கள் வருவார்கள். அது அரை மணி

ராசு பெரியப்பா: மூன்று பேர்தான் இருப்பார்கள்

செல்வி அத்தை: நான் இங்கிருந்து நேராகப் பீளமேடு வந்துவிடுகிறேன். வரும்போதாவது பல்லடம் வழி வருவீர்களா?

கமலா சித்தி: பார்க்கலாம் நங்கை. தீபா களைப்பாக இருப்பாள்

செல்வி அத்தை: அதற்குத்தான் காபி

பிரபு மச்சான்: நான் எந்த வண்டி?

கமலா சித்தி: மாமாவோடு. போசி வண்டி. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்

கார்த்தி: டயர் கழுவியாயிற்று. படம்.

கமலா சித்தி: இன்னொரு தடவை கழுவு

*

ஞாயிறு காலை

5:52 கமலா சித்தி: எல்லாரும் ஏறியாயிற்றா? யார் வீட்டு வாசலில் சீர்த்தட்டு இருக்கிறது?

5:53 கார்த்தி: என் மடியில்

6:31 ராசு பெரியப்பா: அவிநாசி. காய் உடைத்தாயிற்று. இரண்டு பேர்தான் பார்த்தேன், சுருக்கமாகப் பேசினேன்

6:32 மணி சித்தப்பா: நாங்கள் கருமத்தம்பட்டி

7:12 செல்வி அத்தை: நான் மாப்பிள்ளை வீட்டில். திருச்சி ரோட்டில் ஒரு சிக்னல்கூட நிற்கவில்லை. சும்மா சொல்கிறேன்

7:26 மணி சித்தப்பா: சந்து முனை. ரிவர்ஸ் எடுக்கிறோம். போசி வண்டி எங்கே?

7:28 பிரபு மச்சான்: மேலே

7:28 மணி சித்தப்பா: மேலே என்றால்?

7:28 பிரபு மச்சான்: பாலத்து மேலே

7:29 கமலா சித்தி: மாமா முன் சீட்டில்தானே உட்கார்ந்தார்?

7:29 பிரபு மச்சான்: ஆமாம். டிரைவருக்கு ஸ்டாப்பைத் தவறவிட்டவர்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்

7:30 கௌதம் மாப்பிள்ளை: பரவாயில்லை, நடுவில் இறங்கிவிடலாம்.

7:31 பிரபு மச்சான்: அதையும் தாண்டிவிட்டோம். கீழே லட்சுமி மில் தெரிகிறது

7:31 தீபா: 😂😂😂

7:32 ராசு பெரியப்பா: யாரும் பதற வேண்டாம். உப்பிலிபாளையத்தில் இறங்கி, திரும்பி, கீழ் ரோட்டிலேயே அண்ணா சிலை, லட்சுமி மில், நவ இந்தியா, எஸ்ஸோ பங்க் என்று வந்தால்

7:32 செல்வி அத்தை: கொக்கு தெரிகிறதா அண்ணா?

7:33 கமலா சித்தி: புளிச்சோறு?

7:34 பிரபு மச்சான்: டயருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மூடிகூட நகரவில்லை. எள்ளுச்சோறு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதற்கு ரோடு காரணம் அல்ல

7:34 தீபா: டேய்