புதுப்பிப்பு: சிடி ஸ்கேன் படங்கள் குழம்பிய விவகாரம்

போன வாரம் கேட்டிருந்தேன்: பைடைகாம் என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு ஒரு மார்பு சிடி ஸ்கேனின் டைகாம் கோப்புகளை (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) ஏற்றினால், பக்கவாட்டுத் தோற்றத்தில் நுரையீரல் துண்டு துண்டாக வருகிறது, காற்றின் மதிப்பு -1000க்குப் பதில் 24 என்று காட்டுகிறது, ஏன் என்று. இப்போது சரியாகிவிட்டது.

முதல் தப்பு என்னுடையதுதான். கோப்புப் பெயரை எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தேன். அப்படி அடுக்கினால் 1க்கு அப்புறம் 10, 100, பிறகுதான் 2. பெயரை நம்பாமல், ஒவ்வொரு கோப்பிலும் இருக்கும் 'இமேஜ் பொசிஷன் பேஷன்ட்' என்ற புலத்தின் மூன்றாவது எண்ணை (உடலின் நீளவாக்கில் அந்தப் படம் இருக்கும் இடம்) வைத்து அடுக்கினேன். குறுக்குவெட்டுப் படங்களுக்கு அது போதும்.

அடுத்தது 24. பைடைகாமின் 'பிக்சல் அரே' தருவது கோப்பில் சேமித்த எண் மட்டுமே, ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு (சிடியில் அடர்த்தியைக் காட்டும் எண்; காற்றுக்கு -1000) அல்ல. அதைக் கோப்பிலேயே இருக்கும் ரீஸ்கேல் ஸ்லோப் என்ற எண்ணால் பெருக்கி, ரீஸ்கேல் இன்டர்செப்ட் என்ற எண்ணைக் கூட்ட வேண்டும். என் கோப்புகளில் அவை 1, -1024. 24இலிருந்து 1024 போனால் -1000. இவ்வளவுதான், இதற்கு இரண்டு நாள் தூக்கம் போச்சு!

இடையில், படங்களை ஒன்றாக அடுக்கும் நம்பை நூலகத்தின் 'ஸ்டாக்' கட்டளையும் படங்களின் அளவு பொருந்தவில்லை என்று அடம்பிடித்தது. ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படமும் அதே கோப்புறையில் கிடந்திருக்கிறது. சீரீஸ் யூஐடி (ஒரே தொடரில் எடுத்த படங்களுக்குப் பொதுவான அடையாள எண்) வாரியாகப் பிரித்ததும் அதுவும் அடங்கியது.

முப்பரிமாணத்தில் உடல் இன்னும் கொஞ்சம் நீண்டே தெரிகிறது. ஒவ்வொரு ஸ்லைஸின் (குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமனையே அடுத்தடுத்த ஸ்லைஸ்களுக்கு இடையிலான இடைவெளியாக எடுத்துக்கொண்டதுதான் காரணமாக இருக்கும். ஸ்லைஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இரண்டும் ஒன்றல்லவே. இன்று இரவு அதைத் திருத்தப் போகிறேன்.